புகைபோக்கியின் உயரம்

ஆலையொன்றின் புகைபோக்கி எவ்வளவு உயரமாக இருத்தல் வேண்டும் என்று கேட்டால், அது பொறியியலாளர் விடை கூறவேண்டிய வினா என்றே நம்மிற் பெரும்பாலார் சொல்லுவர். எந்த எரிபொருளை எரிப்பது, எந்திரத்தை எங்கே நிறுவுவது, கழிவை எங்கே விடுவது என்பனவும் அவ்வாறே. காற்றின் போக்கையும் கரியின் தரத்தையும் செலவுக் கணக்கையும் அறிந்தவன் முடிவு செய்யட்டும். அரசியலுக்கும் அறத்துக்கும் அங்கே என்ன வேலை? இந்த எண்ணம் நமது வகுப்பறைகளிலும் வேரூன்றியிருக்கிறது. விஞ்ஞான பாடத்தில் எரிதல் கற்பிக்கப்படுகிறது. குடியியற் பாடத்திற் பாராளுமன்றம் கற்பிக்கப்படுகிறது. ஒன்று மற்றொன்றைச் சந்திப்பதில்லை. ஆனால் எந்தப் புகைபோக்கியின் வரலாற்றையும் சற்றுக் கிளறிப் பார்த்தால், அது எவருடைய மூச்சுக்காக உயர்த்தப்பட்டது, எவருடைய மூச்சு கணக்கில் எடுக்கப்படவில்லை என்ற வினாக்கள் எழாமற் போகா. ஆலைத்தொழில் பிறந்து வளர்ந்த பிரித்தானியாவையே இதற்கு உதாரணமாகக் கொள்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கண்ணாடிக்கும் சவர்க்காரத்துக்கும் வேண்டிய சோடாவைச் செய்த ஆலைகள் லங்காஷயர் மாவட்டத்திற் பெருகின. அவை ஐதரசன் குளோரைட்டு வாயுவை அப்படியே ஆகாயத்தில் விட்டன. அந்த வாயு ஈரத்தோடு கூடினால் அமிலமாகும். ஆலைக்குள்ளே நின்ற தொழிலாளரின் பற்களை அது அரித்தது. வெளியே, பெருநிலக்கிழாரின் மரங்களைக் கருக்கிற்று. இவ்விரண்டில் எது சட்டமன்றத்தின் கதவைத் தட்டியது? 1862 இல் பிரபுக்கள் சபையில் இதனை விசாரிக்க ஒரு குழு வேண்டுமென்று கேட்டவர் டார்பிப் பிரபு. அவரோ அம்மாவட்டத்தின் பெருநிலக்கிழாருள் ஒருவர். மறு ஆண்டிலேயே, அவ்வாயுவில் நூற்றுக்கு 95 பங்கை நீரிற் கரைத்துப் பிடித்தல் வேண்டும் என்று சட்டம் பிறந்தது. தொழிலாளியின் பல்லைப் பற்றி அச்சட்டம் பேசவில்லை. ஆயினும் அச்சட்டம் பயனற்றதன்று. கரைத்துப் பிடித்த அமிலத்தைப் பின்னர் வெளிறு தூளாக்கி விற்று முதலாளிகள் இலாபமும் ஈட்டினர். கையாலாகாதென்று சொல்லப்பட்டது சட்டம் நெருக்கியபின் கைகூடிவிட்டது. அச்சட்டத்தின்கீழ் முதற் பரிசோதகராக அமர்ந்த ரொபர்ட் அங்கஸ் சிமித் என்பவரே 1872 இல் எழுதிய நூலில் ‘அமில மழை’ என்ற தொடரைக் கையாண்டவர். அத்தொடரை உலகம் ஏறக்குறைய நூறாண்டு மறந்திருந்தது.

இனி 1952 ஆம் ஆண்டு இலண்டனுக்கு வருவோம். டிசெம்பர் 5 ஆம் திகதி முதல் 9 ஆம் திகதி வரை காற்று அசையவில்லை. குளிர்ந்த காற்று கீழேயும் வெப்பக்காற்று மேலேயுமாக நின்று, நகரத்தின் மேல் ஒரு மூடி போட்டாற்போல் ஆயிற்று. இலட்சக்கணக்கான அடுப்புகளினதும் ஆலைகளினதும் புகை அம்மூடிக்குள்ளே தேங்கியது. மனிதன் தன் பாதத்தைத் தானே காண முடியாத இருள். வழமைக்கு மேலாக ஏறத்தாழ 4,000 பேர் இறந்தனர் என்று அக்காலத்திற் கணக்கிட்டனர். அடுத்த மாதங்களில் நேர்ந்த மிகை மரணங்களை அரசாங்கம் இன்புளுவென்சாக் காய்ச்சலின் தலையிற் சுமத்திற்று. 2001 இல் வெளியான ஆய்வொன்று மொத்தத்தை ஏறத்தாழ 12,000 என மதிப்பிட்டது.

காற்று நின்றது இயற்கையின் செயல். அடுப்பிலே எரிந்தது எது என்பது இயற்கையின் செயலன்று. போரினாற் கடன்பட்டிருந்த பிரித்தானியா தன் தரமான நிலக்கரியை வெளிநாட்டுச் செலாவணிக்காக ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. உள்நாட்டில் நல்ல கரிக்குப் பங்கீடு. தூளும் சிறுகட்டிகளும் கலந்த ‘நட்டி ஸ்லாக்’ எனும் மட்டக் கரியை மட்டும், புகைப்பனி கவிவதற்கு நான்கு நாள் முன்னதாக, டிசெம்பர் முதலாந் திகதி, அரசாங்கம் பங்கீட்டினின்றும் விடுவித்தது. குளிரில் நடுங்கிய ஏழைக் குடும்பம் எதை வாங்கும்? புகையை உண்டாக்கியது அவர்கள் அடுப்புத்தான். அந்த அடுப்புக்கு அக்கரியைத் தெரிவு செய்து கொடுத்தது நிதியமைச்சின் கணக்கேடு. ‘மக்கள் தம் வசதிக்காகத் தாமே காற்றைக் கெடுக்கின்றனர்’ என்று இன்றும் சொல்லும் அறிஞர்களுக்கு இந்த நான்கு நாள் இடைவெளியைச் சுட்டிக்காட்டலாம்.

அரசாங்கம் உடனே விழித்துக்கொள்ளவில்லை. வீடமைப்புக்குப் பொறுப்பாயிருந்த அமைச்சர் ஹரோல்ட் மக்மிலன் 1953 இல் அமைச்சரவைக்கு எழுதிய குறிப்பொன்றில், நம்மாற் பெரிதாக எதுவும் செய்ய இயலாது, ஆனாற் சுறுசுறுப்பாக இருப்பதுபோற் காட்டிக்கொள்ளலாம் என்ற கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொன்னார். சேர் ஹியூ பீவர் தலைமையிலான குழு 1954 இல் அறிக்கை தந்தது. காற்று மாசினால் நாட்டுக்கு ஆண்டுதோறும் 250 மில்லியன் பவுண் நட்டமென்று கணக்கிட்டது. இறந்தோரின் எண்ணிக்கை அசைக்காத மனங்களைப் பவுண் கணக்கு சிறிது அசைத்ததுபோலும். பாராளுமன்றத்திற் சாதாரண உறுப்பினர் ஒருவர் தனிப்பட்ட முறையில் மசோதா கொணர்ந்து நெருக்கியபின்பே அரசாங்கம் தன் மசோதாவைக் கொணர்ந்தது. 1956 இல் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது. கரும்புகை தடைசெய்யப்பட்டது. புகைக் கட்டுப்பாட்டு வலயங்கள் அமைந்தன. வீட்டு அடுப்பை மாற்றுவோருக்குப் பொதுப்பணத்திலிருந்து உதவி கிடைத்தது. இந்த உதவியே அச்சட்டத்தின் உயிர் என்பது என் கருத்து. உதவியற்ற தடை ஏழையைக் குளிரிற் சாகவிடும்.

சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த வடபகுதி ஊர்கள் சிலவற்றில் இவ்வலயங்கள் பிந்தியே வந்தன. சுரங்கத் தொழிலாளிக்கு ஊதியத்தின் ஒரு பகுதியாக இலவசக் கரி கிடைத்தது. அவன் அடுப்பை அணை என்றால் அவன் கூலியைக் குறை என்பதே பொருள். உழைப்பவனின் நுரையீரலும் உழைப்பவனின் கூலியும் எதிரெதிராக நிறுத்தப்பட்ட இக்கட்டம் பின்னரும் ஒரு முறை வரும்.

அச்சட்டம் கண்ணுக்குத் தெரியும் புகையை ஒடுக்கியது. கண்ணுக்குத் தெரியாத கந்தகவீரொட்சைட்டைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. அதனைப் பிடிக்கும் வழி தெரியாமலிருந்ததா? இல்லை. 1933 இல் இயங்கத் தொடங்கிய பற்றர்சீ மின்நிலையத்திற் புகையை நீராலும் சுண்ணத்தாலும் கழுவி, கந்தகத்தின் பெரும்பகுதியை அகற்றினர். அந்நிலையம் தேம்ஸ் நதிக்கரையில், பாராளுமன்றத்துக்கு அண்மையில், செல்வரின் மாளிகைகளுக்கும் ஓவியக் கூடத்துக்கும் எதிரே அமைந்தது. எதிர்ப்பு எழுந்தது, கழுவினாலன்றி அனுமதியில்லை என்றாயிற்று. (கழுவிய நீர் தேம்ஸிலேயே கலந்தது என்பது வேறு கதை.) பின்னர் நாட்டுப்புறத்து நிலக்கரி வயல்களின் நடுவே மிகப் பெரிய மின்நிலையங்கள் எழுந்தபோது இந்தக் கழுவுதல் கைவிடப்பட்டது. செலவு மிகுதி என்றனர். கழுவிய புகை குளிர்ந்து அருகிலேயே இறங்கிவிடும் என்றனர். அதற்குப் பதிலாகப் புகைபோக்கியை உயர்த்தினர். ட்ராக்ஸ் நிலையத்தின் புகைபோக்கி 259 மீற்றர் உயரம். அருகிலுள்ள ஊர்களிற் காற்றுத் தெளிந்தது. கந்தகம் மறையவில்லை; காற்றோடு வடகடலைக் கடந்து சென்றது.

தென் நோர்வேயின் ஆறுகளிற் சால்மன் மீன்கள் அழிந்துகொண்டிருந்தன. சுவீடன் நாட்டு மண்ணியல் அறிஞர் ஸ்வாந்தே ஒடேன் 1967 இல், மழையின் அமிலத்துக்குக் காரணம் பிறநாட்டுப் புகைபோக்கிகளே என்று பகிரங்கமாக எழுதினார். 1972 இல் ஸ்ரொக்ஹோமில் நடந்த மாநாட்டில் அந்நாடு இதனை உலகின் முன் வைத்தது. 1979 இல் ஜெனீவாவில் உடன்படிக்கை உண்டாயிற்று. 1985 இல் கந்தக வெளியீட்டை நூற்றுக்கு 30 பங்கு குறைப்பதாகப் பல நாடுகள் ஹெல்சிங்கியிற் கையெழுத்திட்டபோது பிரித்தானியா கையெழுத்திடவில்லை. விஞ்ஞானச் சான்று போதாதென்றது. நோர்வே மீனவனுக்கு வெஸ்ட்மின்ஸ்டரில் வாக்கு இல்லை. ஐரோப்பிய சமூகம் என்ற ஓர் அமைப்பு இருந்து, அது 1988 இல் ஆணையிட்ட பின்னரே, 2003 ஆம் ஆண்டுக்குள் பெரிய மின்நிலையங்களின் கந்தகத்தை நூற்றுக்கு 60 பங்கு குறைக்க அந்நாடு கடமைப்பட்டது.

இவ்விடத்தில் நம்மவர் கசப்புடன் ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மையொன்று உண்டு. உயர்ந்த புகைபோக்கிகளைக் கட்டியவன் தனி முதலாளி அல்லன். நிலக்கரிச் சுரங்கம் 1947 இலும் மின்சாரம் 1948 இலும் தேசியமயமாகிவிட்டன. கட்டியது பொதுவுடைமையான மின்சார சபை. பொகீமியாவின் பழுப்பு நிலக்கரி நிலையங்கள் மலைக்காடுகளைக் கருக்கியபோதும் அங்கே தனி முதலாளி இருக்கவில்லை. சொத்துரிமை மாறினால் எல்லாம் மாறும் என்று நாம் எளிதாகச் சொல்லிவந்தோம். உற்பத்தி இலக்கை எட்டுவதே கடமை என்றிருக்கும் சபையும், கேள்வி கேட்பார் இல்லாதவிடத்து, முதலாளியைப் போலவே நடந்துகொள்ளும்.

மறுபக்கமும் கசப்பானதே. பிரித்தானிய வானம் பின்னர் விரைந்து தெளிந்தமைக்குக் கழுவும் எந்திரங்கள் மட்டும் காரணமல்ல. 1984-85 இற் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்டது. 1990 இல் மின்துறை தனியார்மயமாகத் தொடங்கியது. மின்நிலையங்களில் இயற்கை வாயுவை எரிப்பதற்கிருந்த ஐரோப்பியத் தடை 1991 இல் நீங்கியது. புதிய கம்பனிகள் வாயுவுக்குத் தாவின. 1992 இல் 31 சுரங்கங்களை மூடும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2024 செப்டெம்பர் 30 ஆம் திகதி கடைசி நிலக்கரி மின்நிலையமும் மூடப்பட்டது. காற்றுத் தூய்மையானது, சுரங்க ஊர்கள் பாழாயின. தூய காற்று வேண்டியோரும் சுரங்கத் தொழிலாளரும் ஒரே மேசையில் அமர்ந்து இதனைத் தீர்மானித்திருக்கலாம். அம்மேசையை எவரும் போடவில்லை. சந்தையின் விலை தீர்மானித்தது.

‘இவையெல்லாம் செல்வ நாட்டுக் கதைகள், வறிய நாடு முதலில் விளக்கேற்றட்டும், பிறகு தூய்மையைப் பார்க்கலாம்’ என்று நண்பர் சிலர் சொல்லுவர். விளக்கு வேண்டாமென்று யார் சொன்னார்? மின்சாரமில்லாத வீட்டிற் குப்பி விளக்கில் எழுதிப் படித்தவர்கள் நம்மில் உண்டு. ஆனால் இந்த வாதத்தை நஞ்சு கலந்த கிணற்றில் நீர் அள்ளுபவர் சொல்லக் கேட்டதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணக்கல்லினூடே இறங்கி நிலத்தடியிற் சேர்கிறது. அதுவே குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் கிணற்றில் ஊறுகிறது. மேலே சிந்தியதைத் தடுத்து நிறுத்தும் கல் அது அன்று. போர்க் காலத்திற் குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டு, எண்ணெய் எந்திரங்களையே பெரிதும் நம்பி வாழ்ந்தது. நிலத்தின் இயல்பறிந்த எந்தப் பொறியியலாளரும் தாமாகத் தெரிந்தெடுக்கக் கூடிய வழி அதுவன்று, போர் தெரிந்தெடுத்தது. கேள்வி கேட்கும் குரல்கள் ஒடுங்கியிருந்த காலம் அது. போர் முடிந்த பின்னர் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதப்பதை மக்கள் கண்டனர். முறையிட்டனர், ஊர்வலம் போயினர், மாணவரும் போயினர். நிபுணர் ஒருசாரார் உண்டென்றனர், ஒருசாரார் இல்லையென்றனர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஏப்பிரலில், தனியார் மின்னுற்பத்தி நிறுவனமொன்று அப்பகுதி மக்களுக்கு 20 மில்லியன் ரூபா இழப்பீடு வழங்க வேண்டுமென்று தீர்ப்பாயிற்று. சுற்றாடற் சட்டம் நமது நாட்டில் 1980 முதலே இருக்கிறது. அச்சட்டப் புத்தகம் அலுமாரியில் இருக்க, சுன்னாகத்துப் பெண்கள் தம் வீட்டுக் கிணற்றைத் தாண்டிச் சென்று, வீதியில் வந்து நிற்கும் பவுசர் வண்டிக்காகக் குடங்களோடு காத்திருந்தனர்.