சுகமும் வேகமும்

இல்லறத்தார்க்கு விதிக்கப்பெற்ற அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியாயது மிகுபொருள் விரும்பாமை. அதற்குத் துணையாகப் போகோபபோக பரிமாணம் என்னும் விரதத்தையும் சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் குணவிரதங்களுள் வைத்துள்ளார். உணவும் மலரும் போல ஒருமுறை நுகர்ந்து கழிவது போகம். ஆடையும் அணியும் ஊர்தியும் போல மீண்டும் மீண்டும் பயன்படுவது உபபோகம். இவற்றிற்கு நாமே எல்லை வகுத்துக்கொண்டு வாழவேண்டும் என்பது விரதத்தின் கருத்து.

அங்ஙனமாயின், ஒரு காரைக் கொடுத்து மற்றொரு காரை வாங்குபவர் எல்லையை மீறியவராவரா? அண்மையில் என் உறவினர் மகன் ஒருவன், சொகுசான பெரிய காரை விற்றுவிட்டு, வேகத்திற்கும் விறுவிறுப்பிற்கும் பெயர்பெற்ற காரொன்றை வாங்கினான். "பெரியம்மா, முன்பும் வீட்டில் ஒரு கார்தான், இப்போதும் ஒன்றுதான். விலையும் ஏறக்குறைய அதுவே. இதில் பரிக்கிரகம் எங்கே கூடிற்று?" என்று வினவினான். நேர்மையான வினா, ஆதலின் ஆராய்ந்தே விடை கூறல் வேண்டும்.

சென்னைக்கு அருகில் 2007ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பி.எம்.டபிள்யூ தொழிற்சாலையில் உருவாகும் கார்களில் 5 சீரிஸ் சொகுசிற்கும், 3 சீரிஸ் ஓட்டும் இன்பத்திற்கும் பெயர்பெற்றவை. முதல் வகை, அமர்ந்து செல்பவரை எண்ணிச் செய்யப்படுவது. பள்ளம் மேடுகளை அதன் ஸ்பிரிங்குகளே தாங்கிக்கொள்ளும். இரண்டாம் வகை, ஓட்டுபவரை எண்ணிச் செய்யப்படுவது. ஸ்பிரிங் இறுக்கமானது, வளைவில் வண்டி சாயாது, ஆனால் சாலையின் கற்களை முதுகு உணரும். மேலோட்டமாக நோக்கின், சுகத்தைத் துறந்தான் என்று பாராட்டவும் தோன்றும்!

ஆயினும், உமாசுவாமி தத்துவார்த்த சூத்திரத்தில் பரிக்கிரகத்தைப் பொருள் என்று வரையறுக்கவில்லை. மனத்தின் பற்றாகிய மூர்ச்சை என்றே வரையறுக்கிறார். எண்ணிக்கை மாறாதிருக்கையிலும் மூர்ச்சை மாறலாம். உடலின் சுகத்திற்குக் கரையுண்டு. முதுகின் வலி தீர்ந்தால் மெத்தையின் வேலை முடிந்தது. வேகத்தின் ஆசையோ உடலைச் சார்ந்ததன்று. முன்செல்வோரை முந்தவேண்டும் என்னும் மானமாகிய கஷாயத்தைச் சார்ந்தது. முந்துவதற்கு எவரேனும் ஒருவர் எப்போதும் முன்னே சென்றுகொண்டிருப்பர்.

அவன் மற்றொரு வாதமும் வைத்தான். "பழைய காரில் உறக்கம் வந்தது, இதில் கண்ணும் கையும் விழித்திருக்கின்றன. விழிப்பு அறமல்லவா?" இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. கவனக்குறைவாகிய பிரமாதமே ஹிம்சைக்கு வாயில் என்று அந்நூலே கூறுகிறது. ஆனால் விழிப்பு எதன்மீது என்பதே கேள்வி.

எங்கள் போடிநாயக்கனூர்ப் பகுதிச் சாலைகளை எண்ணிப் பாருங்கள். முந்தலிலிருந்து ஒரு வழி 17 கொண்டை ஊசி வளைவுகளோடு போடிமெட்டிற்கு ஏறுகிறது. மற்றொன்று குரங்கணிக்குச் செல்கிறது. விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களை ஏற்றிய ஜீப்புகள் மலையேறுகின்றன. மழை ஓய்ந்ததும் தவளையும் நத்தையும் மரவட்டையும் சாலையைக் கடக்கின்றன. ஆசிரியப் பயிற்சியில் வந்த பழக்கத்தால் ஒரு கணக்கும் காட்டுகிறேன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கார் வினாடிக்கு 11 மீட்டர் கடக்கும். 60இல் ஏறக்குறைய 17 மீட்டர். பிரேக்கை மிதித்தபின் நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வதால், 40இல் உள்ளதைப்போல் 60இல் இரண்டேகால் மடங்காகும். நல்ல பிரேக் தூரத்தைச் சற்றுக் குறைக்கும், இவ்விகிதத்தை மாற்றாது.

முனிவர்க்குரிய ஈரியா சமிதியில் நான்கு முழத் தூரம் முன்னே நோக்கி நடக்கவேண்டும் என்பது விதி. அவர் தம் நடையின் அழகை நோக்குவதில்லை. அடி விழவிருக்கும் இடத்திலுள்ள உயிரை நோக்குகிறார். வண்டி வளைவில் எவ்வளவு அழகாகத் திரும்புகிறது என்பதில் மனம் விழித்திருப்பது வேறு. வளைவிற்கப்பால் நிற்கும் கண்காணா உயிருக்காக விழித்திருப்பது வேறு. முன்னது இன்பம், பின்னதே அறம்.

ஆதலின் விறுவிறுப்பான காரை வாங்கினவரைப் பழிக்க நான் முற்படவில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்வேன். விரதம் ஏற்போர் பொருள்களின் எண்ணிக்கையோடு, மலைச்சாலையில் தாம் மீறாத வேகம் இன்னதென்றும் வரையறுத்துக்கொள்க. குரங்கணிக்கு மேல் டாப் ஸ்டேஷனுக்கு மலையேறுவோர் நடந்தே செல்கின்றனர். விரைந்து வந்த காரும் மெல்ல வந்த காரும் அடிவாரத்தில் அருகருகே நிற்க வேண்டியவையே. வகுத்துக்கொண்ட அந்த எல்லைக்குள் செல்வதற்குப் பழைய காரே போதுமே என்று ஒருவர்க்குத் தோன்றுமாயின், புதியதை எதற்காக விரும்பினோம் என்னும் வினாவிற்கும் அவர் விடை கண்டவராவார்.