தம்பியைக் கேட்டேன்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் முட்டை வைக்கிற தட்டில் தம்பியின் ஃபேக்டர் புட்டிதான் இருக்கும். அவனுக்கு ஹீமோபிலியா; ரத்தம் எளிதில் உறையாது, உறையவைக்கும் மருந்துதான் அந்த ஃபேக்டர். களமருதூரில் மற்ற பையன்கள் விழுந்தால் மண்ணைத் தட்டிவிட்டு ஓடுவார்கள். இவன் விழுந்தால் ராத்திரிக்குள் முட்டி பூசணிக்காயாக வீங்கிவிடும். அம்மா ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி ஒத்தி எடுப்பாள். விடிந்ததும் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு பஸ்.

அந்த நோயைக் கடத்தும் மரபணு எனக்கும் வந்திருப்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. எனக்குப் பிறக்கும் ஒவ்வொரு ஆண் பிள்ளைக்கும் நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெண் பிறந்தால், அவளும் என்னைப்போல் ஆக அதே பாதி.

"உன் தம்பி பட்டது போதாதா?" என்றார் அத்தை. அம்மா வாயே திறக்கவில்லை. "தாய்வழிக் கோளாறு" என்று ஊரார் சொல்லக் கேட்டே காலம் தள்ளியவள் அவள்.

பிள்ளை வேண்டாமென்றால் தம்பியும் பிறந்திருக்கக் கூடாது என்று ஆகிவிடாதா? இதுதான் என்னை அரித்தது. அவனையே கேட்டேன்.

"பொறக்கட்டும்னுதான் சொல்லுவேன்க்கா. ஆனா முட்டி வீங்கின ராத்திரியில வந்து கேக்காத."

இதைவிட நேர்மையான பதிலை எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. தம்பியின் வாழ்க்கைக்கு மதிப்பு உண்டா என்பது ஒரு கேள்வி. அந்த வலியைத் தெரிந்தே இன்னொரு உயிருக்குக் கொடுக்கலாமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் நான்தான் குழப்பிக்கொண்டிருந்தேன். வேண்டாமென்று நிற்கிற பெண் யாரையும் அவமதிக்கவில்லை. பதினோராவது வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவைச் சோதித்து முடிவெடுப்பவளும் அப்படியே. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டமே, இப்படிப் பாலினத்தைச் சார்ந்து வரும் மரபு நோய்களுக்குச் சோதனையை அனுமதிக்கிறது.

நாங்கள் பெற்றுக்கொள்வது என்று முடிவு செய்தோம். துணிச்சல் ஒன்றும் இல்லை; காலம் மாறியிருக்கிறது. என் மாமா சிறு வயதில் பல் பிடுங்கிய ரத்தம் நிற்காமலே போனார். இன்று அரசு மருத்துவமனையில் ஃபேக்டர் இலவசம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஹீமோபிலியாவும் உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் மரபணு சிகிச்சை பெற்ற ஐந்து பேருக்கு அதன்பின் ரத்தக்கசிவே இல்லை என்று 2024 டிசம்பரில் ஆய்வு வெளியானது. அது எல்லோருக்கும் கிடைக்க நாளாகும், நான் அதை நம்பி இறங்கவில்லை. வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: நரம்பில் ஃபேக்டர் ஊசி போடக் கற்றுக்கொள்ள வேண்டும். நர்ஸ் பக்கத்தில் நிற்க, தம்பியின் கையில்தான் பழகினார். தம்பி கத்தின கத்து இன்னும் காதில் இருக்கிறது!

ரத்தம் நிற்காத பையன் உள்ள வீட்டில் பெண் பிள்ளைகளும் இருந்தால், கல்யாணப் பேச்சு எடுக்குமுன் அவர்களையும் சோதித்துவிடுங்கள். கர்ப்பமானால் முதல் செக்கப்பிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். ஆயுதமோ வாக்யூமோ போட்டு இழுக்காமல் பிரசவம் பார்க்க வேண்டும். குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்து முடிவு வரும்வரை தசையில் ஊசி போடக் கூடாது.