புள்ளியும் விகிதமும்

இரண்டு பள்ளிகளில் எது மேல் என்ற கேள்வி நிர்வாகத்தின் கேள்வியாகத் தோற்றம் தருகிறது. எனக்கு அது அறத்தின் கேள்வியாகவே படுகிறது. ஒப்பிடுகிறவன் யார், ஒப்பிட்டபின் அவன் என்ன செய்யப்போகிறான் என்பதைப் பொறுத்து, ஒரே ஒப்பீடு நீதியாகவும் இருக்கலாம், அவமதிப்பாகவும் இருக்கலாம்.

2025 மே மாதம் வெளியான பத்தாம் வகுப்பு முடிவுகளில் சிவகங்கை மாவட்டம் 98.31 சதவிகிதத் தேர்ச்சியோடு மாநிலத்தில் முதலாவதாக வந்தது. மாநிலத்தின் விகிதம் 93.80. அதற்கு முந்தைய ஆண்டு இம்மாவட்டம் 97.02 பெற்று இரண்டாவதாக நின்றது. கண்மாய் நிறைந்தால் விளைச்சல், இல்லையென்றால் பிழைப்புக்கு வெளியூர் என்றிருக்கும் பூமியில் இது அற்ப விஷயமல்ல. தேர்வு என்பதே பொய் என்று உதட்டைப் பிதுக்குவது, தேர்ச்சியை ஏற்கெனவே பெற்றுவிட்டவர்களின் சொகுசு. காளையார்கோவில் பக்கத்துக் கூலிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அந்தச் சான்றிதழ் ஒரு கதவு. எண்ணை நான் பழிக்கவில்லை. அது எதைப் பேசாமல் விடுகிறது என்றுதான் பார்க்கிறேன்.

இருபது பேர் தேர்வெழுதும் கிராமத்துப் பள்ளியில் ஒரு பிள்ளை ஐந்து சதவிகிதம். இருநூறு பேர் எழுதும் காரைக்குடிப் பள்ளியில் அதே பிள்ளை அரை சதவிகிதம். அங்கே அவன் தோல்வி தசமப் புள்ளிக்குப் பக்கத்தில் கரைந்துபோகும். இங்கே அது தலைமையாசிரியரைக் கூட்டத்தில் எழுந்து நிற்கவைக்கும். சிறிய பள்ளிக்கு ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அறிந்திருக்கும் பாக்கியம் உண்டு. விகிதம் அந்த நெருக்கத்தையே அச்சமாக மாற்றிவிடுகிறது. பின்தங்கிய பிள்ளை, பள்ளி எவனுக்காக இருக்கிறதோ அவன் என்ற நிலையிலிருந்து, பள்ளிக்கு வந்த ஆபத்து என்ற நிலைக்கு இறங்குகிறான்.

பின்னத்தில் மேலே தொகுதி, கீழே பகுதி என்று படித்திருக்கிறோம். இருபதில் பத்தொன்பது பேர் தேறினால் தொண்ணூற்றைந்து. அதை நூறாக்க வழி இரண்டு. அந்த இருபதாவது பிள்ளையை மாலையில் உட்காரவைத்து, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துத் தேறவைக்கலாம். அல்லது ஒன்பதாம் வகுப்பிலேயே அவன் தகப்பனைக் கூப்பிட்டு, வேறு இடம் பாருங்கள் என்று டி.சி.யைக் கையில் கொடுத்துவிடலாம். முதலாவதில் தொகுதி உயர்கிறது. இரண்டாவதில் பகுதி குறைகிறது. விடை இரண்டிலும் நூறுதான். எந்தப் பள்ளி எதைச் செய்தது என்று இங்கே நான் குற்றம் சாட்டவில்லை. ஒன்று தியாகம், மற்றது துரோகம்; இரண்டும் ஒரே எண்ணாக வெளிவருகின்றன என்பதே என் சங்கடம். அறத்தின் வித்தியாசம் முழுவதையும் அழித்துவிடும் ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டு பள்ளிகளை நல்லது கெட்டது என்று எப்படிச் சொல்வது?

2017இல் தமிழகக் கல்வித்துறை, முதலிடம் பெற்ற மாணவர்களின் பட்டியலை வெளியிடுவதை நிறுத்தியது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது அவர்களை ஊனப்படுத்தும் என்று ஒப்புக்கொண்டோம். ஆனால் மாவட்டங்களின் வரிசையும், நூறு சதவிகிதப் பள்ளிகளின் எண்ணிக்கையும் நின்றுவிடவில்லை. பிள்ளையின் மீதிருந்த பாரத்தைப் பள்ளிக்கு மாற்றினோம். பள்ளி அதை மறுபடியும் யார் மேல் இறக்கிவைக்கும் என்று கேட்கவில்லை.

செட்டிநாட்டுக்கு எண்ணுவது புதிதல்ல. நகரத்தார் வழக்கில், மணமான தம்பதி தங்கள் கோயில் கணக்கில் ஒரு 'புள்ளி'. புள்ளியாகப் பதிவானவனுக்கு வரியும் உண்டு, உரிமையும் உண்டு. அங்கே எண்ணப்படுவது என்றால் பாத்தியதைக்குள் வருவது. ஒரு புள்ளி விட்டுப்போனால் அது கணக்கின் பிழை. இதை நான் பொன்னுலகமாகக் காட்ட விரும்பவில்லை. தன் சமூகத்துக்கு வெளியே இருந்த அத்தனை பேரையும் வெளியே நிறுத்திய கணக்குதான் அதுவும். ஆயினும் அதன் தர்க்கம் கவனிக்கத்தக்கது. புள்ளிவிவரம் என்று இன்று நாம் சொல்வதில் வெறும் விவரம் மிஞ்சி, புள்ளிக்கு இருந்த பாத்தியதை கழன்றுபோயிற்று.

பள்ளிகளின் பின்னாலிருக்கும் சரித்திரமும் சமமல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் திரண்ட செட்டிநாட்டுச் செல்வத்தில் ஒரு பகுதி இந்த ஊர்களில் கல்விக் கொடையாயிற்று. 1947இல் அழகப்ப செட்டியார் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். பிறகு 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் தந்து மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தை அந்த ஊருக்குக் கொண்டுவந்தார். அந்த மாதிரிக் கொடையின் நிழல் இளையான்குடிப் பக்கத்துக் குக்கிராமம் வரை நீளவில்லை. இரண்டிடத்துப் பள்ளிகளையும் பக்கத்தில் வைக்கும்போது, எது மேல் என்பதோடு நிறுத்தினால், நாம் கொடையை ஒப்பிட்டுவிட்டுத் திறமையை ஒப்பிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். எதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்று மேலே போனால் மட்டுமே ஒப்பீடு நியாயமாகிறது.

ஆகவே ஒப்பிடுவதை விடவேண்டாம். கேள்வியை மாற்றினால் போதும். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் பத்தாம் வகுப்புத் தேர்வில் வந்து உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்? நடுவில் போன பிள்ளை காரைக்குடிப் பள்ளிக்குப் போயிருக்கலாம், திருப்பூருக்கு வேலைக்கும் போயிருக்கலாம். அது தெரியாது என்று சொல்லவும் இன்று வழியில்லை. கல்வித்துறையின் கணினிப் பதிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி எண் இருக்கிறது. நூறு என்று பெயர்ப்பலகை வைத்த பள்ளியிடமும், தொண்ணூற்றைந்தோடு தலைகுனிந்து நிற்கும் பள்ளியிடமும் இதையே கேட்க வேண்டும். தலைகுனிந்த பள்ளி அந்த இருபதாவது பிள்ளையைத் தேர்வறை வரை கையைப் பிடித்து அழைத்துவந்த பள்ளியாக இருக்கக்கூடும். தோற்றவனும் அதன் கணக்கில் இருக்கிறான்.