தொடங்கியும் தொடராதது

பழைய அம்பாசிடர் கார் ஒன்று. சாவியைத் திருப்பியதும் உயிர்பெறுகிறது. சிறிது ஓடி நின்றுவிடுகிறது. 2014ஆம் ஆண்டோடு உற்பத்தியே நின்றுபோன வண்டியல்லவா! 'இதன் ஆயுள் முடிந்தது' என்று தீர்ப்புரைப்பது எளிது.

தேர்ந்த மெக்கானிக் அவ்வாறு உரையார். கிளம்புகிறதெனில் பாட்டரியும் ஸ்டார்ட்டரும் பெரும்பாலும் பழுதற்றவை. பிளக்கில் பொறியும் உண்டு. கார்புரேட்டரில் முன்பே தங்கியிருந்த பெட்ரோல் தீரும்வரை எஞ்சின் ஓடுகிறது. பின்னர் புதிதாக வந்து சேரவில்லை போலும். ஆகவே அவர் வழியை ஆராய்கிறார். பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம்; ஃபில்டர் அடைத்திருக்கலாம். சில வண்டிகளில் டாங்க் மூடியின் காற்றுத் துளை அடைபட்டாலே போதும், பெட்ரோல் வருவது தடைப்படும். மூடியைச் சற்றே தளர்த்தி ஓட்டிப் பார்த்தால் அது விளங்கிவிடும். ஒவ்வொன்றாய்ச் சோதியாமல் ஊகத்தால் உறுப்புகளை மாற்றுவோர் பிறர் பொருளை வீணாக்குவோரே.

மனிதர் விஷயத்தில் நாம் என்ன செய்கிறோம்? ரமளானில் பள்ளிவாசலை நிறைத்தவர் ஷவ்வாலில் காணப்படாவிடில், 'அவரிடம் இக்லாஸ் இல்லை' என்கிறோம். அவர் வந்ததே ஈமானின் பொறி இருப்பதற்குச் சான்றன்றோ?

நானும் இவ்வாறு தவறியதுண்டு. குர்ஆனை மனனம் செய்ய ஆர்வத்தோடு வந்த மாணவர் ஒருவர் மூன்றாம் வாரத்தில் நின்றுவிட்டார். 'நிய்யத் சரியில்லை' என வகுப்பிலேயே சொல்லிவிட்டேன். இரவெல்லாம் தேநீர்க் கடையில் உழைத்து, உறங்காமலே ஸுப்ஹுக்குப் பின் வந்தமர்ந்தவர் அவர் என்பது பின்னரே தெரிந்தது. அதற்குள் ஊரைவிட்டே சென்றுவிட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டிய கடன் இன்றும் என்மீது நிற்கிறது.

திருக்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம் 12ஆம் வசனம் தீய எண்ணத்தை விலக்குகிறது. பிறர் குறையைத் துருவுவதையும் தடுக்கிறது. அவ்வாறாயின் எதை ஆராய்வது? குறையை அம்பலப்படுத்தத் தேடுவது துருவல். தடையை நீக்கிக் கொடுக்க வினவுவது உதவி. மெக்கானிக் பானெட்டைத் திறப்பது பழிப்பதற்கன்று, ஓட்டுவதற்கே.

எனினும் இது நமக்கு நாமே சாக்குச் சொல்லிக்கொள்ள வழியாகிவிடக் கூடாது. குறைவாயினும் நிலைத்துச் செய்யும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்துள்ளார்கள். நம் வண்டி நின்றால் நம்மையே கண்டிப்போடு சோதிப்போம். பிறர் வண்டி நின்றால் முதலில் மூடியைத் தளர்த்திப் பார்ப்போம்.