அடைப்புக்குறிக்குள் நியான்

பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். எலக்ட்ரான் அமைப்புப் பாடத்தில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது சதுர அடைப்புக்குறி. எனக்கோ அதன்மேல் சந்தேகம். சோடியத்துக்கு 1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்¹ என்று நீட்டி எழுத வேண்டாம். [நியான்] 3எஸ்¹ போதும். தங்கத்துக்கு [செனான்] 4எஃப்¹⁴ 5டி¹⁰ 6எஸ்¹. 54 எலக்ட்ரான்கள் ஒரே பெயருக்குள் அடங்கிவிடும், கையும் வலிக்காது. "மிஸ், அப்போ சோடியத்துக்குள்ள நியான் இருக்கா?" என்று ஒரு பெண் கேட்டாள். நம் தத்துவவாதிகள் பல நூற்றாண்டுகளாக மல்லுக்கட்டிய கேள்வி அது.

என் அப்பா சைவ சித்தாந்தி. காரியம் தோன்றும் முன்பே காரணத்துக்குள் இருக்கிறது என்பது அவர்கள் கட்சி, சற்காரியவாதம் என்பார்கள். ஆடை நூலுக்குள் ஏற்கெனவே இருக்கிறது, நெய்தால் வெளிப்படுகிறது, அவ்வளவுதான். நியாய வைசேடிகர் இதை ஏற்கவில்லை. ஆடை, நூலில் இல்லாத புதுப்பொருள் என்றார்கள். அதோடு விட்டார்களா? இருக்கும் ஆடையில் ஓர் இழையைக் கூட்டினால் பழைய ஆடை அழிந்து வேறோர் ஆடை பிறக்கிறது என்றும் சாதித்தார்கள். கேட்பவருக்கு வீம்பு வாதம் போலிருக்கும். ஆனால் சோடியம் அவர்கள் பக்கம் சாட்சி சொல்கிறது.

நியானிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரிக்க மோலுக்குச் சுமார் 2081 கிலோஜூல் வேண்டும். சோடியத்தின் 3எஸ் எலக்ட்ரான் 496-க்கே போய்விடும். அடுத்து அடைப்புக்குறிக்குள் கை வைத்தால் 4562! அணுக்கருவில் ஒரு புரோட்டான் கூடியதில் உள்ளே இருக்கும் பத்தும் இறுகிவிட்டன. உப்பிலுள்ள சோடியம் அயனிக்கும் பத்து எலக்ட்ரான்தான், நியானுக்கும் பத்துதான். ஒன்று மைனஸ் 246 டிகிரியில் கொதிக்கும் வாயு, மற்றது தினமும் என் வீட்டு ரசத்தில் கரைகிறது.

அதற்காக வைசேடிகருக்கு முழு வெற்றியைத் தந்துவிட மாட்டேன். ஒவ்வோர் அணுவுக்கும் அதை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டும் விசேடம் ஒன்று உண்டு என்பது அவர்கள் கொள்கை. எலக்ட்ரானுக்கு அது கிடையாது. பழைய பத்து இவை, புதிதாக வந்தது இது என்று சுட்டிக்காட்ட குவாண்டம் இயற்பியல் இடம் தருவதில்லை. சோடியம் குளோரினுக்கு எலக்ட்ரானைக் கொடுக்கும்போது ஒன்று போயிற்று என்று சொல்லலாம். எது போயிற்று என்ற கேள்விக்கே அங்கே பொருளில்லை. ஆன்மாக்கள் ஒவ்வொன்றும் தனித்தனி என்று கேட்டு வளர்ந்த எனக்கு இந்த இடம்தான் உறுத்துகிறது.

பரீட்சையில் அடைப்புக்குறி போட்டே எழுதச் சொல்கிறேன். நேரம் மிச்சம்.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "பத்து எலக்ட்ரானும் அப்படியேதானே இருக்கு? பிறகு எது அழிஞ்சுது?" என்றார்.

"2081 அழிஞ்சுது."

"அது குணம். பொருள் இல்ல."

குணமும் குணியும் பிரியாதவை என்பது உங்கள் சித்தாந்தம்தானே அப்பா என்று கேட்டேன்.