பொறுமை யாருக்குச் சொன்னது?

நெய்வேலி நடராசர் கோயிலில் ஒரு மனுநீதி முறைப்பெட்டி இருக்கிறது. மனக்குறையைத் தாளில் எழுதி அதில் போட்டு, ஆராய்ச்சி மணியை அடித்துவிட்டு வருவது அங்கே வழக்கம். திருவாரூரில் இளவரசனின் தேர்க்காலில் கன்றைப் பறிகொடுத்த பசு மனுநீதிச் சோழனின் வாசலில் அடித்த மணியின் நினைவு அது. பெரியபுராணத்தில் அந்தப் பசுவிடம் ‘பொறுத்துப் போ’ என்று எவரும் சொல்லவில்லை. அமைச்சர்கள் பிராயச்சித்தம் சொல்லி இளவரசனைக் காக்கப் பார்த்தார்கள், அரசன் கேட்கவில்லை. ஆனால் கணவனிடம் அடி வாங்கிய பெண் வாய் திறந்தால், அந்த அமைச்சர்களின் குரல்தான் இன்று வீடுகளில் கேட்கிறது. “கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, புள்ளைங்க முகத்தைப் பாரு.” இறைவனிடம் முறையிடுவது பக்தி, சக மனிதரிடம் முறையிடுவது மட்டும் குடும்ப மானத்தைக் கப்பலேற்றும் காரியமா? பொறுத்துக்கொள்ளச் சொல்வது அறத்தின் பெயரால் சொல்லப்படுவதால், அறநூல்களையே கேட்டுப் பார்ப்போம்.

அதற்கு முன் நிலவரம். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 29 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். தமிழ்நாட்டில் அது 38. படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னே நிற்கும் மாநிலம் இதில் நாட்டின் சராசரியைவிட மோசமாக நிற்கிறது. உடலளவிலோ பாலியல் ரீதியாகவோ துன்புற்ற இந்தியப் பெண்களில் 14 சதவீதம் பேர்தான் எவரிடமாவது உதவி கேட்டிருக்கிறார்கள். 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. மனைவியை அடிக்கக் குறைந்தது ஒரு நியாயமான காரணமாவது உண்டு என்று அதே கணக்கெடுப்பில் 45 சதவீதப் பெண்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே மௌனத்துக்குப் பயமும் பணமின்மையும் மட்டும் காரணமல்ல. ஒரு நம்பிக்கையும் காரணம். பொறுப்பவளே நல்ல பெண் என்பது அந்த நம்பிக்கை. சட்டத்தால் மட்டும் அதை அசைக்க முடியாது.

பொறுமை என்றதும் எல்லோரும் கைநீட்டுவது திருக்குறளின் பொறையுடைமை அதிகாரத்தை. தன்னைத் தோண்டுகிறவனையும் தாங்கி நிற்கும் நிலத்தை அதன் முதற்குறள் உவமையாக்குகிறது. தோண்டுவதே தொழிலாகிப்போன ஊர் நெய்வேலி. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நீர் நிற்பதும், இரவும் பகலும் அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை பொத்துக்கொள்ளாமல் நிற்கும் என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரியும். நிலத்தின் பொறுமைக்கும் எல்லை உண்டென்று தெரிந்தவர்கள் அவர்கள். இருக்கட்டும், உவமையை விட்டுவிட்டு அதிகாரத்தின் இடத்தைப் பார்ப்போம். பொறையுடைமை இல்லறவியலில் இருக்கிறது. அங்கே முன்னிறுத்தப்படுபவன் இல்வாழ்வான், அதாவது குடும்பத் தலைவன். வெகுளாமை அதிகாரம் இன்னும் தெளிவாகச் சொல்கிறது: தன் சினம் பலிக்கும் இடத்தில் அதை அடக்குகிறவனே சினத்தை அடக்கியவன். பலிக்காத இடத்தில் அடக்குவதை வள்ளுவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வீட்டில் யாருடைய சினம் பலிக்கிறது? சம்பளம் யார் கையில், குவார்ட்டர்ஸ் யார் பெயரில், கை யாருடையது ஓங்குகிறது? பொறுமை அவனுக்குச் சொன்னது. திருப்பி அடிக்க வழியில்லாதவளின் அடக்கத்துக்குப் பொறுமை என்று பெயர் சூட்டுவது குறளைத் தலைகீழாகப் படிப்பது.

கண்ணகியை எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. கோவலன் மாதவியிடம் போனபோது அவள் வாய் திறக்கவில்லையே என்பார்கள். உண்மைதான். ஆனால் சேரன் செங்குட்டுவன் கோயில் எடுத்தது அந்த மௌனத்துக்கு அல்ல. ஒற்றைச் சிலம்போடு பாண்டியனின் அவையேறி வழக்குரைத்தவளுக்குத்தான் சிலை எழுந்தது. அந்த அவையில் தன் ஊரைச் சொல்லும்போது அவள் முதலில் நினைவுகூர்பவர்களில் ஒருவன், பசுவுக்காக மகனையே தேர்க்காலில் இட்ட அதே சோழன். அவள் கணவனுக்காகத்தானே பேசினாள், கணவனுக்கு எதிராக அல்லவே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இங்கே முடிவாக வேண்டியது, கற்புடைய பெண் வீட்டு வாசலைத் தாண்டி ஆள்வோரிடம் நீதி கேட்கலாமா என்பது. கேட்கலாம் என்று இளங்கோ எழுதிவைத்துவிட்டார்.

விதி என்கிற சமாதானம் இன்னும் ஆழமாக வேரோடியது. முன்வினைதான் இந்தக் கணவனாக வந்து வாய்த்திருக்கிறது, அனுபவித்துத்தான் தீர வேண்டும் என்பது. வினைக் கொள்கையை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் இந்த முடிவு அதிலிருந்து பிறக்காது. காய்ச்சலும் வினைப்பயன்தான், அதற்கு மருந்து கொடுக்காத சைவர் எவருமில்லை. மேலும், வினையில் ஆகாமியம் என்று ஒன்று உண்டு. இன்று செய்து நாளைக்குச் சேர்த்துக்கொள்வது. அடிக்கிற ஒவ்வொரு முறையும் அவன் அதைச் சேர்க்கிறான். அவன் கையைத் தடுப்பது அவளுக்குப் பாதுகாப்பு; கொள்கைப்படி பார்த்தால் அவனுக்கும் நன்மை. அடியை மறைத்து வைப்பவர்கள்தான் அவன் பாவத்தைப் பெருக்குகிறார்கள்.

“போலீஸ், கோர்ட் என்று போனால் குடும்பம் உடைந்துவிடும்” என்ற அச்சம் உண்மையானது. அதைத் தள்ளிவிட நான் தயாராக இல்லை. ஆனால் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் விவாகரத்துச் சட்டம் அல்ல. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தச் சட்டத்தின் கீழ், மணவாழ்வில் இருந்தபடியே ‘அடிக்கக் கூடாது’ என்று நடுவர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கலாம். வீடு தன் பெயரில் இல்லை என்பதற்காக அவளைத் தெருவில் நிறுத்த முடியாது. தேவையானால் அதே தரத்தில் மாற்று வீடு பார்த்துத் தரவோ அதற்கு வாடகை கொடுக்கவோ கணவனுக்கு நீதிமன்றம் ஆணையிடலாம். கம்பெனி ஒதுக்கிய கூரையின் கீழ் வாழும் பெண்களுக்கு இது சிறிய செய்தி அல்ல. தாய்வீட்டுக்குப் போயிருந்தால் அந்த ஊர் நீதிமன்றத்திலேயே மனுக் கொடுக்கலாம். பொய்ப்புகார் வரும் என்பவர்களுக்கும் சட்டத்திலேயே பதில் இருக்கிறது: மனுக் கொடுத்ததற்காக யாரையும் சிறையில் போடுவதில்லை. உத்தரவை மீறியவனுக்குத்தான் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெண் என்றால் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச வழக்கறிஞரைக் கேட்டுப் பெறலாம்.

மணியடித்த பசுவைவிட, மணியைக் கேட்டவனைப் பற்றித்தான் திருவாரூர்க் கதை அதிகம் பேசுகிறது. பக்கத்து குவார்ட்டர்ஸில் ராத்திரி அலறல் கேட்டு டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பவர்களுக்கும், சேர்த்துவைத்து அனுப்பிவிட்டோம் என்று நிம்மதியாகும் பெரியவர்களுக்கும், அர்ச்சனைத் தட்டோடு நிற்பவளின் கன்னத்துத் தழும்பைக் கண்டும் காணாததுபோல் இருப்பவர்களுக்கும் கேட்டவனின் அந்தப் பங்கு உண்டு. சட்டத்தின் நான்காம் பிரிவு, வன்முறை நடப்பதாக நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம் என்கிறது. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் எந்தப் பொறுப்பும் வராது. ஆனால் அவளைக் கேட்காமல், அவன் காதில் விழும்படி எதையும் செய்துவிடாதீர்கள். அவள் தனியாக இருக்கும்போது பேசுங்கள். மகளிர் உதவி எண் 181. அது 24 மணி நேரமும் இயங்குகிறது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் 112.