தீரும் கணக்கும் தீராக் கடனும்

தமிழில் ‘பொருள்’ என்னும் ஒரே சொல் கையால் தொடத்தக்க பண்டத்தையும், ஈட்டிச் சேர்த்த செல்வத்தையும், சொல்லின் உட்கருத்தையும், ‘மெய்ப்பொருள்’ என்று அடைபெறும்போது உலகுக்கு ஆதாரமான உண்மையையும் குறித்து நிற்கிறது. ‘கடன்’ என்பது வாங்கிய பணத்தையும் செய்தே ஆகவேண்டிய அறத்தையும் சுட்ட, ‘மீட்பு’ என்பது அடகு வைத்த நகைக்கும் பாவத்தில் வீழ்ந்த ஆன்மாவுக்கும் ஒருங்கே பயன்படுகிறது. இத்தகைய இரட்டை வழக்கு தமிழுக்கு மட்டும் உரியதன்று. வடமொழியிலும் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் எபிரேயத்திலும் அரபியிலும் சந்தைக்குரிய சொற்களும் வழிபாட்டுக்குரிய சொற்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்திருப்பதைக் காணலாம். சந்தையின் மொழியைச் சமயம் கடன்வாங்கியதா, சமயத்தின் மொழியைச் சந்தை எடுத்துக்கொண்டதா என்னும் கேள்வி அறிஞரிடையே நீண்ட வாதத்துக்குரியது. ஆயினும் எது முந்தியது என்பதைவிட, ஒரு தளத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது இச்சொற்களின் எல்லை எவ்வாறு மாறுகிறது என்பதே மெய்யியல் நோக்கில் கருதத்தக்கது.

இவ்வாய்வில் ஓர் எச்சரிக்கை தேவை. ஒரு சொல் தோன்றியபோது பெற்றிருந்த பொருள் அது இன்று குறிப்பதற்குச் சான்றாகாது; வேர்ச்சொல்லைக் காட்டி ஒரு கொள்கையை நிறுவிவிட முடியாது. எனினும் ஒரு மக்கட்கூட்டம் எவற்றை ஒரே சொல்லால் வழங்கியது, எந்த இடத்தில் அவற்றைப் பிரித்தறிந்தது என்பது அக்கூட்டத்தின் சிந்தனைக்குச் சான்றாகும்.

தமிழ்ப் ‘பொருள்’ போலவே வடமொழி ‘அர்த்த’ என்பதும் செல்வம், சொற்பொருள், குறிக்கோள் ஆகிய மூன்றையும் தாங்கி நிற்கிறது. ஒன்றின் ‘பொருட்டு’ என்று தமிழில் வழங்கும் இடைச்சொல் ‘பொருள்’ என்பதிலிருந்து அமைந்ததாக இருக்க, ‘அர்த்தம்’ என்னும் வடசொல்லும் பிற சொற்களின் இறுதியில் நின்று அதே ‘பொருட்டு’ என்னும் கருத்தைத் தருகிறது. ஆகவே இவ்விரு மொழிகளிலும் செல்வம் என்பது பிறிதொன்றை நோக்கியது என்னும் குறிப்பு சொல்லுக்குள்ளேயே அமைந்துவிடுகிறது. 1905இல் ஓலைச்சுவடியாக ஆர். சாமசாஸ்திரியின் கைக்குக் கிடைத்து 1909இல் மைசூரில் அச்சேறிய அர்த்தசாஸ்திரம், மனிதரின் வாழ்வாதாரத்தையும் அவர்கள் வாழும் நிலத்தையும் ‘அர்த்தம்’ என வரையறுத்து, அறமும் இன்பமும் அதனையே வேராகக் கொண்டவை என வாதிடுகிறது. திருக்குறளோ பொருட்பாலை அறத்துப்பாலுக்கும் காமத்துப்பாலுக்கும் இடையில் வைக்கிறது. பொருள் செயல்வகை என்னும் 76ஆம் அதிகாரம், மதிக்கத்தகாதவரையும் மதிப்புடையவராக்கும் ஆற்றலைச் செல்வத்துக்கு அளிக்கிறது; மெய்யுணர்தல் என்னும் 36ஆம் அதிகாரம், பொருளல்லாதவற்றைப் பொருளென்று மயங்குவதே பிறவித் துன்பத்துக்குக் காரணம் என்கிறது. இரண்டிடத்தும் ஆளப்படுவது ஒரே சொல். முதலிடத்தில் அது உலகியல் வலிமை, இரண்டாமிடத்தில் அந்த வலிமையையும் அளந்து பார்க்கும் உண்மை. செல்வத்தின் ஆற்றலை ஒப்புக்கொண்டே அதனை முடிந்த முடிபாக ஏற்க மறுக்கும் இந்நிலை, பொருள் பற்றிய தமிழ்ச் சிந்தனையின் நடுநாடி எனலாம்.

கிரேக்கச் சிந்தனையிலும் இதற்கு இணையான பாகுபாடு ஒன்று உண்டு. ‘ஓய்கோஸ்’ என்றால் இல்லம். ‘நெமெய்ன்’ என்றால் பகிர்ந்தளித்தல், நிருவகித்தல். இவை இணைந்த ‘ஓய்கொனோமியா’ குடும்பத்தையும் நிலத்தையும் பணியாளரையும் நடத்தும் கலையைக் குறித்தது, கி.மு. நான்காம் நூற்றாண்டில் செனபோன் இதனைப் பற்றி ஓர் உரையாடல் நூலே இயற்றினார். அரிஸ்டாட்டில் தம் ‘அரசியல்’ நூலின் முதற்பகுதியில் இல்லத்துக்குத் தேவையானதை ஈட்டுவதையும் பணத்துக்காகவே பணம் ஈட்டுவதையும் வேறுபடுத்தினார். முன்னது நல்வாழ்வுக்குக் கருவியாதலால் அதற்கு எல்லை உண்டு. பின்னது தன்னையே குறிக்கோளாகக் கொண்டதாதலால் அதற்கு எல்லை இல்லை என்பது அவர் கருத்து.

இல்லத்தை நடத்துதல் என்னும் இச்சொல் பின்னர்க் கிறித்தவத்தில் இறைவன் உலகை நடத்தும் முறையைக் குறிக்கலாயிற்று. எபேசியருக்கு எழுதிய நிருபம் இறைவனின் மீட்புத் திட்டத்தை இச்சொல்லாலேயே வழங்குகிறது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறையியலார் தெர்த்துல்லியன், ஒரே கடவுள் மூன்று ஆட்களாய் இருப்பதை விளக்க இதனையே பயன்படுத்தினார். கீழைத் திருச்சபைகளிலோ, விதியைக் கண்டிப்பாக நிறைவேற்றாமல் மனிதரின் நலம் கருதித் தளர்த்துவது இன்றும் ‘ஓய்கொனோமியா’ எனப்படுகிறது. இத்தாலிய மெய்யியலார் ஜார்ஜோ அகம்பென் 2007இல் வெளியிட்ட நூலொன்றில், இன்றைய நிருவாகச் சிந்தனையின் வேர்கள் இந்த இறையியல் வழக்கில் இருப்பதாக வாதிட்டார். அவர் கூற்றை முழுதும் ஏற்காதவரும், கணக்கைத் துல்லியமாகப் பார்க்கும் கலைக்குரிய சொல் கணக்குப் பாராமல் இரங்குவதற்கும் பெயராயிற்று என்பதை மறுக்க இயலாது.

செல்வத்தின் மிகப் பழைய அளவுகோல் கால்நடை. ‘மாடு’ என்னும் தமிழ்ச்சொல் செல்வம் என்னும் பொருளிலும் வழங்கியதற்குக் குறளின் கல்வி அதிகாரத்தில் வரும் இறுதிப்பாவே சான்று. இலத்தீனில் கால்நடையைக் குறிக்கும் ‘பெகுஸ்’ என்பதிலிருந்து பணத்தைக் குறிக்கும் ‘பெகூனியா’ பிறந்தது. அந்தப் ‘பெகுஸ்’ என்பதும் வேதமொழியின் ‘பசு’ என்பதும் ஒரே மூலத்தின் இரு வடிவங்கள் என்பது மொழிநூலார் முடிபு. உரோமில் பணத்துக்குப் பெயர் தந்த வேர், சைவ சித்தாந்தத்தில் உயிருக்குப் பெயராயிற்று: பதி என்பது தலைவனாகிய இறைவன், பசு என்பது கட்டுண்ட உயிர், பாசம் என்பது கட்டும் கயிறாகிய மலம். உடைமையைக் குறித்த சொல் இங்கே உடையவனைச் சார்ந்த உயிரின் நிலையைக் குறிக்கிறது. எதையும் தனதென்று கருதும் மனிதனே பிறிதொருவனின் உடைமை என்னும் தலைகீழ் மாற்றம் இச்சொல்லாட்சியில் அடங்கியுள்ளது.

கடன் பற்றிய சொற்களில் இம்மாற்றம் இன்னும் கூர்மையடைகிறது. புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் ஆகிய ஐவர்க்கும் உரிய செயல்களைக் ‘கடன்’ என்று வரிசைப்படுத்துகிறார். இவர்களுள் எவரும் எவரிடமும் எதையும் வாங்கியதாகப் பாடலில் குறிப்பில்லை. தைத்திரீய சங்கிதை, அந்தணன் மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்று கூறி, கல்வியால் முனிவர்க்கும் வேள்வியால் தேவர்க்கும் மக்கட்பேற்றால் முன்னோர்க்கும் அவை தீர்வதாக விளக்குகிறது. இவ்விரு மரபிலும் கடன் என்பது கைநீட்டி வாங்கியதால் வருவதன்று. பிறந்ததாலேயே வந்து சேர்வது. மேலும் அதனைக் கொடுத்தவரிடமே திருப்பிச் செலுத்தவும் முடியாது: பெற்றோரிடம் பெற்றதைப் பிள்ளைகளுக்கும், ஆசிரியரிடம் பெற்றதை மாணவர்க்கும் அளிப்பதே அதனைத் தீர்க்கும் வழி. வணிகக் கடன் இருவருக்கிடையே தொடங்கி அவ்விருவருக்கிடையே முடிகிறது. இக்கடனோ தலைமுறையிலிருந்து தலைமுறைக்குக் கைமாறிக்கொண்டே செல்கிறது. கடன்தருபவரைக் குறிக்கும் இலத்தீன்சொல் ‘நம்புகிறேன்’ என்னும் பொருளுடைய ‘கிரேதோ’ வினையிலிருந்து வந்தது. அதற்கு இனமான வடசொல் ‘சிரத்தை’, அதிலிருந்து பிறந்தது முன்னோர்க்குச் செய்யும் ‘சிராத்தம்’. தமிழும் அவ்வினையை ‘நீர்க்கடன்’ என்றே வழங்குவது இங்கு எண்ணத்தக்கது.

ஜெர்மன் மெய்யியலார் நீட்சே 1887இல் வெளியிட்ட ‘ஒழுக்கத்தின் மரபுவழி’ என்னும் நூலில் இதற்கு முற்றிலும் வேறான விளக்கம் தந்தார். குற்றத்தையும் கடனையும் ஒரே சொல் குறிக்கும் தம் மொழியின் வழக்கைச் சுட்டி, கடன்தந்தவனுக்கும் கடன்பட்டவனுக்கும் இடையிலான கொடிய உறவிலிருந்தே குற்றவுணர்ச்சி பிறந்தது என்றும், தீர்க்கவே முடியாத கடனாக அது வளர்ந்து மனிதனை வதைக்கிறது என்றும் அவர் வாதிட்டார். மேற்கூறிய மூன்று கடன்களில் குற்றம் என்னும் நிழலே இல்லை என்பதால் இவ்விளக்கத்தை எல்லாச் சமயங்களுக்கும் பொதுவாக்க முடியாது. ஆயினும் அவர் சுட்டிய அபாயம் மெய்யானது. தீராக் கடனை எவரேனும் வசூலிக்கத் தொடங்கினால் அது அதிகாரமாகிறது. சோழ, பாண்டியக் கல்வெட்டுகளில் ‘கடமை’ என்பது அரசுக்குச் செலுத்தும் வரியின் பெயர். ஐரோப்பாவில் 1343இல் திருத்தந்தை ஆறாம் கிளெமெந்து, புனிதரின் புண்ணியம் திருச்சபையின் கருவூலமாய் உள்ளது என்னும் கொள்கையை ஆணையாக அறிவித்தார்; அக்கருவூலத்திலிருந்து பாவத் தண்டனைக் குறைப்பு காசுக்குக் கிடைக்கும் நிலை பின்னர் ஏற்பட்டதே 1517இல் லூத்தரின் எதிர்ப்புக்கு வழிவகுத்தது. எண்ணால் அளக்கவொண்ணாத கடனுக்கு விலை குறிக்கப்பட்ட இடத்தில் சமயம் மீண்டும் சந்தையாயிற்று.

தீராத கடன் செலுத்தித் தீர்வதில்லையெனில், கைமாற்றித் தருவதற்கு அப்பால் அதற்கு எஞ்சும் வழி விடுவிப்பு ஒன்றே. கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டில் சுமேரிய மன்னர்கள் கடனடிமைகளை விடுவித்தபோது ஆண்ட ‘அமர்கி’ என்னும் சொல்லின் நேர்ப்பொருள் ‘தாயிடம் திரும்புதல்’. எபிரேயத்தில் ‘கோயேல்’ என்பவர், வறுமையால் உறவினர் விற்ற நிலத்தையும் அடிமைப்பட்ட உறவினரையும் விலைகொடுத்து மீட்கும் நெருங்கிய சொந்தக்காரர். அச்சொல்லே பின்னர் இறைவனுக்குப் பெயராயிற்று. ஐம்பதாம் ஆண்டில் நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது லேவியராகமத்தின் விதி. கடன்தள்ளுபடியைக் குறித்த ‘அபெசிஸ்’ என்னும் கிரேக்கச்சொல் புதிய ஏற்பாட்டில் பாவமன்னிப்புக்கு வழங்கியதும், மத்தேயு நற்செய்தியின் இறைவேண்டல் ‘கடன்’ என்று கூறும் இடத்தில் லூக்கா ‘பாவம்’ என்று கூறுவதும் இத்தொடர்ச்சியின் விளைவுகளே.

கடனுக்கு நேர் எதிரான போக்கு வட்டி பற்றிய சொற்களில் தென்படுகிறது. தரும சாத்திரங்களில் வட்டி ‘விருத்தி’, அதாவது வளர்ச்சி. அரபியில் ‘ரிபா’ என்பதும் வளர்ச்சி. கிரேக்கத்தில் ‘தோகோஸ்’ என்பது ஈன்ற குட்டி. பணம் பணத்தை ஈனுவது இயற்கைக்கு முற்றிலும் மாறானது என்று அரிஸ்டாட்டில் கடிந்ததற்கு இச்சொல்லே துணையாயிற்று. கடன்பட்டவன் பக்கம் நின்று பெயரிட்டது எபிரேயம்: அதன் ‘நெஷெக்’ கடித்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. வளர்ச்சி என்பதையே குர்ஆன் இரண்டாகப் பகுத்தது. ரிபாவால் பெருகுவது இறைவனிடம் பெருகுவதில்லை என்றும், தூய்மை, வளர்ச்சி என்னும் இருபொருளும் அடங்கிய வேரில் பிறந்த ‘ஸகாத்’ என்னும் கட்டாயக் கொடையே பன்மடங்காகும் என்றும் அது கூறுகிறது.

தமிழ்க் கல்வெட்டுகளில் வட்டிக்குப் ‘பொலிசை’ என்று பெயர். களத்தில் குவிந்த நெல்லைக் குறிக்கும் ‘பொலி’ இதற்கு இனமான சொல். தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் வைத்த முதற்பணம் ஊர்ச்சபைகளுக்குக் காசொன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, என்னும் பொலிசைக்குத் தரப்பட்டது. கோயிலும் வட்டி வாங்கியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த வட்டி எப்பொருட்டு அமைந்தது என்பதே கவனிக்கத்தக்கது. முதல் சந்திரசூரியர் உள்ளவரை குறையாமல் நிற்க, விளைவு மட்டும் வழிபாட்டுக்கும் திருவிழாவுக்கும் ஆண்டுதோறும் செலவாயிற்று. நந்தாவிளக்குக்கு விடப்பட்ட 90 அல்லது 96 ஆடுகள் ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டதும் இக்கருத்தினாலேயே: மந்தையில் ஆடுகள் இறக்கும், பிறக்கும், ஆனால் விளக்குக்கு நெய் தரவேண்டிய அறக்கட்டளையின் எண்ணிக்கை குறையாது. இங்கே வளர்ச்சி ஒரு குறிக்கோளுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது.

இச்சான்றுகளை ஒருங்கு வைத்துப் பார்க்கையில் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. சந்தையில் கடனுக்கு முடிவு உண்டு, வளர்ச்சிக்கு எல்லையில்லை; சமய வழக்கில் கடனுக்கு முடிவில்லை, வளர்ச்சிக்கு எல்லை உண்டு. ஒருவர் பிறர்க்குக் கடமைப்பட்டிருப்பது ஒரு தொகையைச் செலுத்தியதும் முடிந்துவிடும் என்னும் எண்ணத்தையும், ஈட்டுவது ஏன் என்னும் கேள்வியின்றி ஈட்டிக்கொண்டே செல்லலாம் என்னும் எண்ணத்தையும் இச்சொற்கள் ஒருசேர மறுக்கின்றன. சமயம் தன் சொல்லாட்சிக்கு உண்மையாக நிற்கிறதா என்பதை அறியவும் இதுவே உரைகல்: தீராக் கடனுக்கு அது விலை குறிக்கும்போதும், தன் கருவூலத்தை வரம்பின்றிப் பெருக்கும்போதும், சந்தையிலிருந்து அதனைப் பிரித்தறிவதற்கு எதுவும் எஞ்சுவதில்லை. அன்பு ஈன்ற குழந்தையாகிய அருளை வளர்க்கும் செவிலியாகப் பொருளைக் காட்டும் வள்ளுவர், செல்வத்தை இழிக்கவுமில்லை, அதற்குத் தாயுரிமை தரவுமில்லை. செவிலியின் பெருமை அவள் வளர்க்கும் குழந்தையைக் கொண்டே அளக்கப்படும்.